ஏரோட்டியின் இலக்கணம்

கையிலே 3 பென்னி. வயிற்றிலே பசி. வயது 11. இங்கிலாந்து நாட்டிலே, ரிச்மண்ட் நகர வீதியிலே, நீலச் சட்டையணிந்த குடியானவன் மகன் ஒருவன் நடந்து செல்கிறான். பார்ன்ஹாம் என்ற ஊரிலே பேராயர் ஒருவரின் மாளிகைத் தோட்டத்துச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தவன் அவன். கியூ என்னும் இடத்திலே அரசரின் தோட்டம் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும் என்று எவரோ சொல்லக் கேட்டான். மறுநாட் காலையே உடுத்த துணியோடு கிளம்பிவிட்டான். கிளம்பும்போது மடியிலே இருந்தது ஆறரைப் பென்னி. ரொட்டிக்கும் பாலாடைக் கட்டிக்கும் 2 பென்னி போயிற்று. குடிக்க வாங்கியதற்கு 1 பென்னி. வழியிலே எங்கோ அரைப் பென்னி தொலைந்தது. மிச்சம் இருந்த மூன்றும் இரவு உணவுக்கு.

புத்தகக் கடை ஒன்றின் சன்னலிலே சிறு நூல் ஒன்று அவன் கண்ணிலே பட்டது. 'தொட்டிக் கதை', விலை 3 பென்னி! தலைப்பே புரியவில்லை, புரியாததாலேயே ஆவல் பொங்கிற்று. ரொட்டியா, புத்தகமா? புத்தகம் வென்றது. புற்போர் ஒன்றின் அருகே அமர்ந்து, இருட்டி எழுத்து மறையும் வரையிலே படித்தான். பிறகு நூலைப் பையிலே செருகிக்கொண்டு அங்கேயே உறங்கிவிட்டான். காலையிலே பறவைகள்தாம் அவனை எழுப்பின.

அந்நூலை ஆக்கியவர் ஜோனாதன் ஸ்விப்ட். 1704-இல் வெளிவந்த ஏடு. கிறித்தவ மதத்தின் பிரிவுகளை மூன்று சகோதரர்களாக உருவகம் செய்து எள்ளி நகையாடுவது. சிறுவனுக்கு அதிலே பல பகுதிகள் விளங்கவில்லை. ஆயினும், தன் அறிவு பிறந்தது அந்த மாலையிலேதான் என்று பின்னாளில் எழுதினான். சென்ற இடமெல்லாம் அந்நூலைச் சுமந்தான். ஏறத்தாழ இருபது வயதிலே, வட அமெரிக்கக் கடலிலே பெட்டியோடு அது மூழ்கிப்போயிற்று. ஆயிரக்கணக்கான பவுன்களை இழந்தபோதுகூட அத்தனை வருத்தம் தனக்கு ஏற்படவில்லை என்றான்.

அந்தச் சிறுவன்தான் வில்லியம் காபெட். 1763-இல் பிறந்து 1835-இல் மறைந்தவன். கல்லூரி வாயிலை மிதிக்காமல், கட்டியங்காரர் எவரும் இல்லாமல், பேனா ஒன்றையே துணையாகக் கொண்டு, ஆளும் கூட்டத்தைக் கதிகலங்கச் செய்தவன். எழுத விரும்பும் இளைஞர்கள் பலர் நம்மிடம் கேட்பதுண்டு: "நல்ல நடை எப்படி வரும்? பிறவியிலே வருவதா? பெரியோர் அருளாலே வருவதா?" நாமகள் நாவிலே எழுதினாள், காளி அருள் கிட்டியது, மறுகணமே கவி மழை பொழிந்தது என்ற கதைகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாடு அல்லவா இது! அந்தக் கதைகளுக்கு விடையாகக் காபெட்டின் வரலாற்றை வைக்கிறோம். இதிலே அருள் இல்லை, அற்புதம் இல்லை. சிப்பாயின் தலைமாட்டிலே ஒரு பலகை இருக்கிறது.

1784-இல் காபெட் பட்டாளத்திலே சேர்ந்தான். சாத்தம் கோட்டையிலே பயிற்சி. கையெழுத்து அழகாக இருந்ததால், கோட்டைத் தளபதியின் கடிதங்களைப் படியெடுக்கும் வேலை கிடைத்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது, இலக்கணமோ தடுமாறிற்று. தளபதி அதைக் கவனித்து, இலக்கணம் படி என்றார். லௌத் என்ற பேராயர் 1762-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண நூல் ஒன்றைக் காபெட் வாங்கினான்.

வாங்கியவன் என்ன செய்தான்? முதலிலிருந்து முடிவுவரை கையாலே எழுதினான். ஒருமுறை அன்று, இரண்டு மூன்று முறை. பிறகு மனப்பாடம் செய்தான். துப்பாக்கியைத் தோளிலே சாய்த்துக்கொண்டு காவல் நின்ற ஒவ்வொரு வேளையிலும், நூல் முழுவதையும் தனக்குத்தானே ஒருமுறை ஒப்பித்துக்கொண்டான்.

அன்று சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 6 பென்னி சம்பளம். உணவுக்கும் பிறவற்றுக்கும் போக, வாரத்துக்கு ஆளுக்கு 2 பென்னிதான் கையிலே மிஞ்சும். காகிதம் ஒரு தாள் வேண்டுமென்றால் வயிற்றைக் குறைக்க வேண்டும். பேனா வேண்டுமென்றால் மேலும் குறைக்க வேண்டும். படுக்கையின் விளிம்புதான் நாற்காலி. முதுகுப் பைதான் நூல் நிலையம். மடிமேல் வைத்த மரத்துண்டுதான் மேசை. விளக்கெண்ணெய்க்கோ மெழுகுவத்திக்கோ வழியில்லை; குளிர்காலத்திலே கணப்பு நெருப்பின் வெளிச்சந்தான், அதுவும் தன் முறை வரும்போது மட்டும். சுற்றிலும் பத்துப் பேருக்குக் குறையாத சிப்பாய்கள் பாடுவர், சீழ்க்கையடிப்பர், சிரிப்பர், சண்டையிடுவர். அந்த இரைச்சலுக்கு நடுவே இவன் எழுவாயையும் பயனிலையையும் தேடிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மறுநாட் காலை உப்புமீன் ஒன்று வாங்கலாம் என்று அரைப் பென்னி சேர்த்து வைத்திருந்தான். இரவு ஆடை களையும்போது பார்த்தால் காசு இல்லை. பசியோ தாங்க முடியாத பசி. போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான். பின்னாளில் புகழின் உச்சியிலே நின்றபோதும், இளைஞர்களுக்கு அறிவுரை கூறும் நூலிலே இதை அவன் மறைக்காமல் எழுதினான். அந்த அழுகையைப் படித்த பிறகு, "எழுத நேரமில்லை" என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

ஏன் இவ்வளவு பாடு? இலக்கணம் கற்றால் வயிறு நிரம்புமா?

இங்கேதான் வரலாற்றின் உட்பொருள் இருக்கிறது. அந்நாளைய இங்கிலாந்திலே இலக்கணம் என்பது ஒரு கோட்டைச் சுவர். இலத்தீனும் கிரேக்கமும் கற்ற சீமான்களின் நடைதான் 'மொழி'; உழுபவனும் நெய்பவனும் பேசுவது 'கொச்சை'. கொச்சை பேசுபவனுக்குச் சிந்தனை ஏது, சிந்தனை இல்லாதவனுக்கு வாக்குரிமை எதற்கு என்பது ஆளுவோரின் வாதம். 1790-இல் எட்மண்ட் பர்க் என்ற நாவலர் பாமர மக்களைப் பன்றிக் கூட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 1793-இல் ஷெபீல்டு நகரத்து மக்கள் வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டிப் பாராளுமன்றத்துக்கு மனு விடுத்தபோது, மனுவின் மொழி மரியாதைக் குறைவானது என்று கூறி ஏற்க மறுத்துவிட்டனர். கோரிக்கை நியாயமா என்று அவர்கள் பார்க்கவில்லை. சொல் சரியில்லையாம், போ வெளியே என்றனர்! 'நீச பாஷை' என்ற சொல்லைக் கேட்டறிந்த நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று. ஆகவே, அந்த நாட்டு ஏழை இலக்கணம் கற்பது பொழுதுபோக்குக்காக அன்று. பூட்டிய கதவுக்குச் சாவி செய்வதற்காக.

சாவி செய்த மற்றொருவனையும் இங்கே பார்த்துவிடுவோம். கடலுக்கு அப்பால், பாஸ்டன் நகரிலே, காபெட்டுக்கு முந்திய தலைமுறையிலே, மெழுகுவத்தியும் சவுக்காரமும் காய்ச்சி விற்றவரின் மகன் ஒருவன். 1706-இல் பிறந்தவன். பள்ளியிலே இருந்தது இரண்டாண்டுக்கும் குறைவு. 12 வயதிலே அண்ணனின் அச்சுக்கூடத்திலே தொழில் பழகச் சேர்ந்தான். அவன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவனுக்கும் ஒரு நண்பனுக்கும் கடித வாயிலாக ஒரு வாதம் மூண்டது. பெண்களுக்குக் கல்வி பொருந்துமா? பொருந்தாது, அவர்களால் இயலாது என்றான் நண்பன். பொருந்தும் என்றான் பிராங்க்ளின். கடிதங்களைத் தற்செயலாகக் கண்ட தந்தை, வாதத்திலே யார் பக்கமும் சேராமல், மகனுடைய எழுத்தைப் பற்றி மட்டும் பேசினார்: எழுத்துப் பிழை உன்னிடம் இல்லை, நிறுத்தக் குறிகளும் சரி, ஏனெனில் நீ அச்சுக்கூடத்துப் பிள்ளை. ஆனால் நயத்திலும், ஒழுங்கிலும், தெளிவிலும் நண்பன் உன்னை மிஞ்சிவிட்டான். இடங்களைச் சுட்டிக்காட்டியே சொன்னார். நியாயம் தன் பக்கம் இருந்தும் நடை தன் பக்கம் இல்லை என்பது பையனுக்குச் சுருக்கென்று தைத்தது.

'ஸ்பெக்டேட்டர்' என்ற ஏட்டின் தொகுதி ஒன்று அவன் கைக்குக் கிடைத்தது. அடிசனும் ஸ்டீலும் 1711-இலும் 1712-இலும் இலண்டனில் நடத்திய ஏடு அது. அதை வைத்துக்கொண்டு பிராங்க்ளின் வகுத்த பயிற்சி இருக்கிறதே, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். கற்க வேண்டியது அதிலே நிறைய இருக்கிறது.

ஒரு கட்டுரையை எடுப்பான். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதுவான். குறிப்பைச் சில நாட்கள் ஒதுக்கி வைப்பான். பிறகு, மூலத்தைப் பாராமல், குறிப்பை மட்டும் கொண்டு கட்டுரை முழுவதையும் தன் சொற்களால் மீண்டும் எழுதுவான். எழுதி முடித்து மூலத்தோடு ஒப்பிடுவான். எங்கே சறுக்கினோம், எந்தச் சொல் வலுவிழந்தது, எந்த வாக்கியம் நொண்டிற்று என்று கண்டு திருத்துவான்.

ஒப்பிட்டபோது ஒரு குறை புலப்பட்டது: சொல் வளம் போதவில்லை. அதற்கும் வழி கண்டான். கட்டுரைக் கதைகளைச் செய்யுளாக்கினான். செய்யுளிலே சீருக்கும் ஓசைக்கும் ஏற்ப, ஒரே பொருளுக்கு வேறு வேறு சொற்களைத் தேடியாக வேண்டும் அல்லவா? எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடிய எவருக்கும் அந்தப் பாடு தெரியும். உரைநடை ஓரளவு மறந்த பின், அச்செய்யுளை மறுபடியும் உரைநடையாக்கினான். கவிஞனாவதற்காக அவன் கவி எழுதவில்லை.

இன்னொரு பயிற்சியும் உண்டு. குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப் போடுவான். சில வாரங்கள் கழித்து, எது முதலில், எது பின்னால் என்று அடுக்கிப் பார்த்து, அதன் பிறகே எழுதத் தொடங்குவான். சிந்தனையை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்காக இது. நடை என்றால் சொல்லழகுதான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இந்த மூன்றாவது பயிற்சியைச் சற்றே உற்று நோக்க வேண்டும். கருத்தை அடுக்காமல் சொல்லை மட்டும் அடுக்கிய கட்டுரைகளை நாமும் எழுதியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் படித்தபோது, 'க'கரம் இருந்தது, 'ச'கரம் இருந்தது, செய்தி எங்கே என்று நாமே தேட வேண்டியதாயிற்று. அடுக்குமொழி குற்றமன்று. அடுக்க ஒன்றும் இல்லாமல் அடுக்குவதுதான் குற்றம்.

பிராங்க்ளினுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? இரவு வேலை முடிந்த பின், காலை வேலை தொடங்குமுன், ஞாயிற்றுக்கிழமைகளிலே. ஞாயிறன்று மாதாகோயிலுக்குப் போக வேண்டுமே! கூடுமானவரை போகாமல் தப்பித்து அச்சுக்கூடத்திலே தனித்திருந்தான். பணம்? புலால் உணவை நிறுத்தி, சாப்பாட்டுச் செலவிலே பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினான். 16 வயதிலே, 1722-இல், கைம்பெண் ஒருத்தி எழுதுவதுபோல் புனைபெயரிலே கட்டுரை எழுதி, இரவோடிரவாக அண்ணனின் அச்சுக்கூடக் கதவின் கீழே செருகிவிட்டான். அண்ணனும் நண்பர்களும் படித்துப் பாராட்டி, இதை எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊரிலுள்ள அறிவாளிகளின் பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தனர். பையன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்! அப்படி 14 கடிதங்கள் வெளியாயின.

இந்தப் பிராங்க்ளின் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடுதான், 1774-இல், இங்கிலாந்திலே வேலை பறிபோன சுங்க ஊழியர் ஒருவர் பிலடெல்பியாவிலே வந்து இறங்கினார். பெண்டிரின் இறுக்கச் சட்டை தைப்பவரின் மகன். பெயர் தாமஸ் பெயின். 1776 ஜனவரியிலே 'பொது அறிவு' என்ற அவரது சிறு நூல் பெயரில்லாமல் வெளிவந்தது. அமெரிக்க விடுதலைக்கு அது ஊதிய சங்கு உலகறிந்தது. பர்க்கின் நூலுக்கு மறுப்பாக 1791-இல் 'மனிதனின் உரிமைகள்' எழுதினார். பர்க்கின் அலங்கார நடைக்கு எதிரே பெயினின் நடை, பட்டாடைக்கு எதிரே உழைப்பாளியின் கைபோல் நின்றது. இலத்தீன் மேற்கோள் இல்லை. கடைத்தெருவிலே படித்தாலும் விளங்கும். அதனால்தான் அரசாங்கம் அஞ்சிற்று. 1792-இல் அவர் இல்லாமலேயே வழக்கு நடத்திக் குற்றவாளி என்றது.

காபெட்டுக்கும் பெயினுக்கும் உள்ள தொடர்பு விந்தையானது. 1790-களிலே பிலடெல்பியாவிலே இருந்த காபெட், பெயினைத் தாறுமாறாகத் தாக்கினார். வசைபாடி வாழ்க்கை வரலாறே வெளியிட்டார். பிறகு, காகிதப் பணத்தைப் பற்றிப் பெயின் எழுதியதைப் படித்து மனம் மாறினார். மாறியதை மறைத்தாரா? இல்லை. 1809-இல் கேட்பாரற்றுப் புதைக்கப்பட்ட பெயினின் எலும்புகளை 1819-இலே தோண்டி எடுத்து, இங்கிலாந்திலே நினைவுச் சின்னம் எழுப்புவேன் என்று கப்பலேற்றிக் கொண்டுவந்தார். சின்னம் எழவில்லை. காபெட் இறந்த பிறகு அந்த எலும்புகள் எங்கோ சிதறிப்போயின.

1802-இலிருந்து சாகும்வரை காபெட் 'அரசியல் பதிவேடு' என்ற வார ஏட்டை நடத்தினார். தொடக்கத்திலே அரசாங்கத்தின் பக்கம். சில ஆண்டுகளிலே ஊழலைக் கண்டு எதிர்ப்பக்கம். முத்திரை வரியினால் ஏட்டின் விலை ஒரு ஷில்லிங்குக்கு மேல். உழவனால் வாங்க முடியாது. 1816 நவம்பரிலே, செய்தி இல்லாமல் கருத்துரை மட்டும் அச்சிட்ட தனித்தாளுக்கு வரி இல்லை என்ற ஓட்டையைக் கண்டு, 2 பென்னி விலையிலே வெளியிட்டார். 'இரண்டு பென்னிக் குப்பை' என்று எதிரிகள் ஏசினர். அவர் அந்த ஏச்சையே பட்டமாக ஏற்றுக்கொண்டார். 1819 இறுதியிலே சட்டம் இயற்றி அந்த ஓட்டையை அடைத்தனர்.

காபெட்டைப் புகழும்போதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் பேனா எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கவில்லை. யூதர்களை வெறுத்து எழுதினார். கறுப்பின மக்களை இழிவாகப் பேசினார். அடிமை ஒழிப்பு இயக்கத்தாரைக் கேலி செய்தார். தெளிவான நடையிலே எழுதப்பட்ட பிழை, குழப்பமான நடையிலே எழுதப்பட்ட பிழையைவிட வேகமாகப் பரவும். அவரிடம் நடையைக் கற்கலாம். அந்த வெறுப்பை அல்ல.

1817-இல் அடக்குமுறைக்குத் தப்பி அமெரிக்காவிலே லாங் ஐலண்டுப் பண்ணையொன்றிலே இருந்தபோது எழுதியதுதான் அவரது ஆங்கில இலக்கணம். 1818-இல் வெளிவந்தது. மகன் ஜேம்சுக்கு எழுதிய கடிதங்களின் வடிவம். யாருக்காக என்பதை முகப்பிலேயே அச்சிட்டார்: மாணவருக்கும், அதைவிடச் சிறப்பாகச் சிப்பாய்களுக்கும், மாலுமிகளுக்கும், தொழில் பழகுவோருக்கும், ஏரோட்டும் பையன்களுக்கும்!

இலக்கண நூலா அது? எடுத்துக்காட்டுகளிலே அரசியல் அனல் பறக்கிறது. தொகுதிப் பெயர்களுக்கு உதாரணம் காட்ட வந்தவர், கும்பல், பாராளுமன்றம், காலிக் கூட்டம், மக்கள் சபை, பட்டாளம், நீதிமன்றம், கள்வர் குகை என்று ஒரே மூச்சிலே வரிசைப்படுத்தினார்! பேரறிஞர் ஜான்சனின் எழுத்திலிருந்து பிழைகளைப் பொறுக்கிக் காட்டினார். பின்னர் வந்த பதிப்பிலே, அமைச்சர்கள் பிழையாக எழுதாமல் தடுக்க என்று ஆறு பாடங்களைச் சேர்த்தார். அரசரின் உரையும், அமைச்சரின் மடலும், தளபதியின் அறிக்கையும் அங்கே வரி வரியாக அலசப்பட்டன. மனுவின் மொழி சரியில்லை என்று கதவடைத்த கூட்டத்துக்கு, உங்கள் மன்னரின் மொழி சரியா என்று ஏரோட்டி கேட்ட கேள்வி அது.

'அது' என்ற சிறு சொல்லைப் பற்றி அவர் எழுதிய எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். எதைச் சுட்டுகிறோம் என்று நன்றாக எண்ணிப் பாராமல் அச்சொல்லைத் தாளிலே வைக்காதே என்றார். பக்கம் முழுவதும் அச்சொல் மண்டிக் கிடந்தால் எழுதியவனை நினைத்து நடுங்குவாராம். நம் கட்டுரைகளில் 'அது', 'இது', 'அதனால்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'எது?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதி இடங்களிலே விடை வராது.

எழுதும் முறையைப் பற்றிக் காபெட் கூறியது பிராங்க்ளினுக்கு நேர்மாறு. முதலில் சிந்தித்து முடி, பிறகு உட்கார். உட்கார்ந்த பின் வந்த சொல்லை எழுது, ஒட்டுப் போடாதே, தானாக உன் மனத்திலே தோன்றியதுதான் பிறர் மனத்திலும் எளிதாகப் புகும் என்றார். யார் சொல்வது சரி? காபெட்டின் அறிவுரையை அப்படியே ஏற்க நாம் தயங்குகிறோம். லௌத்தின் நூலை மும்முறை எழுதி, காவல் நின்ற இரவெல்லாம் ஒப்பித்தவர் அவர். மற்றவர் தாளிலே செய்யும் திருத்தத்தை அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே தன் மண்டைக்குள் செய்து முடித்துவிட்டார். ஒட்டுப் போடாத குறையும் அவர் பக்கங்களிலே தெரிகிறது: சொன்னதையே சொல்கிறார், வசை எல்லை மீறுகிறது. முதல் படியைக் காபெட்போல் மூச்சு விடாமல் எழுதலாம். சில நாட்கள் கழித்துப் பிராங்க்ளினைப்போல் அதன் முன் உட்காரலாம். நாம் கடைப்பிடிப்பது இந்த முறையைத்தான். பதிப்பாளர் அவசரப்படுத்தாத வாரங்களிலே!

தம் பிள்ளைகளுக்கு அவர் எழுத்துக் கற்பித்த விதமும் இதற்கேற்பவே இருந்தது. பள்ளிக்கு அனுப்பவில்லை, பிரம்பெடுக்கவில்லை. அப்பா நாள் முழுவதும் கடிதம் எழுதி மடித்து முகவரி இடுவதைக் கண்ட குழந்தைகள், ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நிலையிலேயே, தாளிலே கிறுக்கி, மடித்து, அதே வீட்டிலிருக்கும் அப்பாவுக்கு 'அனுப்பினார்கள்'. ஒவ்வொரு கிறுக்கலுக்கும் பாராட்டோடு உடனே பதில் வந்தது.

1809-இல் ஈலி என்ற ஊரிலே, கூலிப் பிடித்தத்தை எதிர்த்த குடிப்படை வீரர்களுக்கு, செருமானியப் படையைக் காவல் நிறுத்திச் சவுக்கடி கொடுத்தனர். காபெட் கொதித்தெழுதினார். 1810-இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறையும் ஆயிரம் பவுன் அபராதமும் விதிக்கப்பட்டன. நியூகேட் சிறையிலிருந்தபடியே ஏட்டுக்கு எழுதி வந்தார். ஊரிலிருந்து பண்ணைப் பொருள்களோடு கூடை வரும். காயும் கனியும் பூவும் மேலே இருக்கும். அவற்றோடு, விதைத்தது என்ன, விளைந்தது என்ன, பண்ணையிலே நடந்தது என்ன என்று பிள்ளைகள் எழுதிய குறிப்பேடு. ஒவ்வொருவரும் எழுதிய கடிதமும் உண்டு. அன்று ஏறத்தாழ ஏழு வயதுச் சிறுவனான ஜேம்ஸ் அந்தக் கூடைக்காகப் பேனா பிடித்தவன். சிறைக்குள்ளே தந்தை கூடையைப் பிரித்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பதில் எழுதி, வெறுங்கூடையோடு ஊருக்கு அனுப்பி வைத்தார்.